கயிற்றில் இறங்குகிறவள்

தர்மராஜ் பொய் பேசுகிறவர் என்று அவருக்கு ஆகாதவன்கூடச் சொல்ல மாட்டான். திருக்கழுக்குன்றம் சாலையை ஒட்டிய அந்த ஊரில் வரப்புத் தகராறு என்றாலும் பாகப்பிரிவினை என்றாலும் கடைசியில் அவர் வீட்டு வாசலுக்குத்தான் வந்து சேரும். அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் செங்கல்பட்டு கோர்ட்டுக்கு அலைகிற வேலை மிச்சம். அப்பேர்ப்பட்டவர் ஒரு பொய் சொன்னார். அதுவும் பெற்ற மகளைப் பற்றி.

மகள் தமிழ்ச்செல்வி நர்ஸிங் படித்துவிட்டு அயர்லாந்துக்குப் போனாள். அதில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. கௌரவமான வேலை, கௌரவமான சம்பளம். சில வருடங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தவள், அங்கேயே மேற்கொண்டு படித்து, மீட்பு ஹெலிகாப்டரில் பாராமெடிக்காகச் சேர்ந்துவிட்டாள். நடுக்கடலில் படகு கவிழ்ந்தாலும், பாறைச் சரிவில் ஒருவன் விழுந்து கிடந்தாலும், மேலே ஹெலிகாப்டர் அந்தரத்தில் நிற்க, இவள் இரும்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டு இறங்குவாள். அங்கேயே முதல் சிகிச்சை கொடுத்து, ஆளைத் தன்னோடு சேர்த்துக் கட்டி மேலே ஏற்றுவாள். வீடியோவைக் காட்டும்வரை அது இன்ன வேலை என்று தர்மராஜுக்கு விளங்கவில்லை.

விடுமுறைக்கு வந்தபோது காட்டினாள். கறுத்துக் குமுறுகிற கடல். அதில் ஒரு மீன்பிடிப் படகு தேங்காய் ஓடு மாதிரி புரண்டுகொண்டிருந்தது. மேலிருந்து ஆரஞ்சு உடுப்பில் ஓர் உருவம் பம்பரமாகச் சுற்றிக்கொண்டே இறங்கியது.

"அது யாரு?"

"நான்தான் நைனா."

அடுத்த காட்சியில் அந்த உருவம் ஒரு வெள்ளைக்காரனை நெஞ்சோடு நெஞ்சாகக் கட்டி, கால்களால் அவன் இடுப்பை வளைத்துப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது. தர்மராஜ் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"இத்த யாருக்கும் காட்டாத."

"ஏன் நைனா?"

"நம்ம வூட்டுப் பொம்பள கயித்துல தொங்கிக்கினு, எவனையோ கட்டிப் புடிச்சிக்கினு... ஊரு இன்னா பேசும்?"

"அவன் செத்துக்கினு இருந்தான் நைனா."

"இருக்கட்டும்."

அடுத்த மாதம் ஒரு கல்யாணத்தில் பங்காளி ஒருவர் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, "பொண்ணு அங்க இன்னா பண்ணுது?" என்று கேட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே தர்மராஜ் சொன்னார்: "டாக்டரு." சொன்ன பிறகு திரும்ப எடுக்க முடியவில்லை. அவர் வாயிலிருந்து வந்ததாயிற்றே, ஊர் அதைக் கல்வெட்டாக எடுத்துக்கொண்டது.

கூட்டுக் குடும்பமாக அதே வீட்டில் இருந்த தம்பி ஆனந்தனுக்கு மட்டும் இது பொறுக்கவில்லை. நாலு டிப்பர் லாரி வைத்து ஓட்டுகிறவன். வாய் ஓயாத மனிதன்.

"ஏண்ணே, டாக்டருங்க தெருவுக்குத் தெரு கீறாங்க. கயித்துல எறங்கறவ இந்த ஜில்லாவுக்கே ஒருத்திதான். அத்தப் போய் மறைக்கிறியே!"

"வாய மூடுடா."

அண்ணன் சொன்னால் ஆனந்தன் மூடிவிடுவான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ச்செல்வியோடு வீடியோவில் பேசி அவள் தொழிலையே கரைத்துக் குடித்திருந்தான். கயிற்று நுனி முதலில் தண்ணீரைத் தொட வேண்டும், ஹெலிகாப்டரில் ஏறியிருக்கிற மின்சாரம் இறங்குவதற்கு முன் கையை நீட்டினால் ஆளைத் தூக்கி அடிக்கும் என்பது அவனுக்குத் தெரியும். குளிர்ந்த கடலில் வெகுநேரம் கிடந்தவனைப் படுத்த வாக்கிலேயே தூக்க வேண்டும், நிமிர்த்தித் தூக்கினால் மேலே வருவதற்குள் உயிர் போய்விடும் என்பதும் தெரியும். ஒருநாள் கேட்டான்:

"கீழ எறங்கனதும் அவன்கிட்ட இன்னா சொல்லுவ கண்ணு? காப்பாத்திடறேன்னா?"

"அப்பிடிச் சொல்ல மாட்டேன் சித்தப்பா. சொல்லிட்டு முடியலன்னா? 'நான் வந்துட்டேன்'னு மட்டும் சொல்லுவேன்."

ஆனந்தன் இதைத் தர்மராஜிடம் வந்து சொன்னபோது அவன் கண் கலங்கியிருந்தது. தர்மராஜ் கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

ஆனந்தனின் மகள் சுஜாதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகையில் அழைப்போர் வரிசையில் 'டாக்டர் த. தமிழ்ச்செல்வி, அயர்லாந்து' என்று தர்மராஜ் அடிக்கச் சொன்னார். ஊருக்கு வந்து இறங்கிய தமிழ்ச்செல்வி அதைப் பார்த்ததும் முகம் மாறினாள்.

"இது வேணாம் நைனா. யாருக்கானா ஒடம்பு முடியலன்னா ஆஸ்பத்திரிக்குப் போவாம என்கிட்ட வந்து நிப்பாங்க."

"நின்னா ஒரு மாத்திரையக் குடேன். பத்திரிகை அடிச்சி ஊருக்கெல்லாம் வச்சாச்சி."

அவள் பத்திரிகையை மடித்து வைத்தாள். தகப்பன் தலை குனியக் கூடாது என்று அவளும் நினைத்திருப்பாள். அந்த வீட்டில் பிறந்தவள்தானே.

பந்தக்கால் நட்ட அன்று நடந்தது இது. காலையில் ஐந்து சுமங்கலிகள் மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, பால் தெளித்துப் பந்தக்காலை நட்டார்கள். அதை நட்டுவிட்டால் அந்த வீட்டார் சாவு வீட்டுப் படி ஏற மாட்டார்கள். கெட்ட சேதியை வாசலில் வைத்துச் சொல்ல மாட்டார்கள். மாலையில் முகூர்த்தப் பட்டோடு மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. தமிழ்ச்செல்வி மதியம் சதுரங்கப்பட்டினம் போயிருந்தாள். அவளோடு நர்ஸிங் படித்த ஹெலன் அங்கே கடற்கரை ஓரம் குடியிருந்தாள். ஹெலனின் அப்பா சின்னையன் ஒருகாலத்தில் தர்மராஜின் நிலத்தில் வேலை செய்தவர். பந்தக்கால் நட்ட நாளில் அங்கே போவது தர்மராஜுக்குப் பிடிக்கவில்லை. மகள் கேட்டுக்கொண்டு போகவில்லை, சொல்லிவிட்டுப் போனாள்.

வெயில் தாழ்கிற நேரம். ஆனந்தன் பந்தல்காரனை அதட்டிவிட்டு உள்ளே வந்தவன், அறைக் கட்டிலில் உட்கார்ந்து மார்பைத் தடவினான்.

"இன்னாடா?"

"வாயுண்ணே. காலைல மொச்சக்கொட்ட கொஞ்சம் ஜாஸ்தியாப் பூட்டுச்சி."

அவன் மனைவி வேண்டா முந்தானையால் அவன் கழுத்தைத் துடைத்தாள். "சட்டையெல்லாம் நனைஞ்சி கீது மாமா. இடது கை வலிக்குதுன்றாரு. பாருங்களேன்."

தர்மராஜ் ஓமத்திரவம் எடுத்துவரச் சொன்னார். அதற்குள் சுஜாதா தமிழ்ச்செல்விக்குப் போன் போட்டு அவர் காதில் வைத்துவிட்டாள்.

"நைனா, நல்லாக் கேளுங்க. எனக்காகக் காத்துக்கினு இருக்காதீங்க. ஆம்புலன்ஸக் கூப்புட்டு செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு இப்பவே கெளம்புங்க. ஆஸ்பிரின் இருந்தா மென்னு முழுங்கச் சொல்லுங்க. படியெறங்கி நடக்க வுடாதீங்க."

"சரி சரி. ஹரியக் கார் எடுத்துக்கினு அனுப்பறேன். நீ வா."

ஆனந்தனின் மகன் ஹரிஹரன் அப்போதே பறந்தான். தர்மராஜ் கட்டிலருகே நின்று யோசித்தார். ஆஸ்பத்திரி என்றால் வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பச்சை ஓலை வாடாத பந்தல். மாப்பிள்ளை வீட்டார் வழியில் வந்துகொண்டிருக்கிறார்கள். பெண்ணின் அப்பனை ஸ்ட்ரெச்சரில் வைத்துச் சங்கு ஊதுகிற வண்டியில் ஏற்றுவதை அவர்கள் பார்த்தால்?

ஆனந்தனே அவர் கையைப் பிடித்தான். "வாணாண்ணே. பொண்ணு கல்யாணம். சம்பந்தி பாத்தா அபசகுனம்பாரு. தமிழு வந்துடும்."

"அப்பா, பேசாம இருங்க," என்று அழுத சுஜாதா ஏற்கெனவே ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தாள். வேண்டா மாமனார் ஸ்தானத்தில் நின்ற மூத்தாரைப் பார்த்தாள்.

"கொஞ்சம் இரு," என்றார் தர்மராஜ். "அவ வரட்டும்."

வேண்டா இருந்தாள்.

வண்டி வந்து வாசலில் நின்றது. ஓட்டியவன் ஸ்டான்லி, சின்னையனின் மகன்தான். இறங்கி ஓடிவந்தவனைத் தர்மராஜ் பந்தல் முனையிலேயே மறித்தார். தெருக் கோடியில் மாப்பிள்ளை வீட்டு வேன் திரும்புவது அவருக்குத் தெரிந்தது.

"யாருக்குங்க? எங்க இருக்காரு?"

"கார்ல அனுப்பிட்டோம். நீ போ."

"பேஷண்ட்டப் பாக்காமப் போவக் கூடாதுங்க பெரியவரே."

"அனுப்பிட்டோம்ன்றேன் இல்ல? என் வூட்டு வாசல்ல நின்னு என்னியே பொய் பேசறன்றியா? சத்தம் போடாம எடு வண்டிய."

ஸ்டான்லி அவர் முகத்தைப் பார்த்தான். அந்த முகம் பொய் சொல்லும் என்று நம்ப அவன் அப்பன் அவனைப் பழக்கவில்லை. வண்டி பின்வாங்கிப் போனது. அது விட்ட இடத்தில் வேன் வந்து நின்றது. சம்பந்தி பன்னீர்செல்வம் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"வாங்க, வாங்க!" என்றார் தர்மராஜ்.

தட்டுகள் பரப்பி, பட்டுப்புடவையைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே வேண்டா அலறினாள்.

தமிழ்ச்செல்வி வந்தபோது ஆனந்தனைக் கட்டிலில்தான் வைத்திருந்தார்கள். நெஞ்சைத் தேய்த்து விசிறிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரே இழுப்பில் அவனைத் தரையில் இறக்கினாள். அவள் பாதங்களில் கடல் மணல் ஒட்டியிருந்தது.

"நான் வந்துட்டேன் சித்தப்பா," என்றாள். அவன் கேட்கிற நிலையில் இல்லை.

இரண்டு கைகளையும் கோத்து அவன் நெஞ்சின் நடுவில் வைத்து அழுத்தத் தொடங்கினாள். முழங்கை மடங்கவில்லை. உடம்பு முழுவதும் இறங்கி இறங்கி எழுந்தது. விலா எலும்பு முறிகிற சத்தம் கதவருகே நின்றவர்களுக்கும் கேட்டது. ஒரு பெண் "ஐயோ, வுட்டுடுடி!" என்று கத்தினாள். தமிழ்ச்செல்வி விடவில்லை. ஹரிஹரனுக்குச் சொல்லிக்கொடுத்து மாற்றி மாற்றி அழுத்தவைத்தாள்.

"ஆம்புலன்ஸ் எங்க?"

"வந்துச்சிக்கா," என்றாள் சுஜாதா. "பெரிப்பா திருப்பி அனுப்பிட்டாரு."

தமிழ்ச்செல்வி தலையைத் திருப்பித் தகப்பனைப் பார்த்தாள். ஒரு பார்வைதான். மறுபடி குனிந்துகொண்டாள். "அதே வண்டியக் கூப்புடு."

ஸ்டான்லி திரும்பி வந்தான். வண்டியில் இருந்த கருவியைப் பொருத்தினார்கள். அதிர்ச்சி கொடுத்து எழுப்புகிற அளவுக்கு அந்த இதயத்தில் ஒரு துடிப்பும் மிச்சமில்லை என்று கருவி சொன்னது. அதற்குப் பிறகும் அவள் வெகுநேரம் அழுத்திக்கொண்டிருந்தாள். கடைசியில் கைகளை எடுத்தாள். அவன் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டாள்.

பந்தக்காலைப் பிடுங்கினார்கள். அதே பந்தலின் கீழ் பாடை கட்டினார்கள்.

"டாக்டரு வூட்டுலயே இருந்தும் இப்பிடியா?" என்றார் பன்னீர்செல்வம். மறுநாள் காலையில் இன்னொரு பங்காளி வந்து, "டாக்டரம்மா எறப்புச் சான்றுல ஒரு கையெழுத்து போட்டுட்டா வேல முடிஞ்சிது," என்றார்.

"நான் போட முடியாது," என்றாள் தமிழ்ச்செல்வி.

"சித்தப்பனுக்குப் போட இன்னா வலிக்குது?"

அவள் தகப்பனைப் பார்த்தாள். அவர் பேசுவார் என்று காத்திருந்தாள். தர்மராஜ் தொண்டையைச் செருமினார்.

"வெளிநாட்டு டாக்டருங்க இங்க போடக் கூடாது. சட்டம் அப்பிடி."

அவள் எழுந்து உள்ளே போனாள். செங்கல்பட்டிலிருந்து வேறு டாக்டர் வந்து பார்த்துக் கொடுத்தார்.

அதன் பிறகு பெண்கள் கூடிய இடமெல்லாம் இதே பேச்சுத்தான். அவள் காதுபடவே பேசினார்கள்.

"பந்தக்கால் நட்ட நாள்ல கடற்கரைல இன்னா வேலன்றேன்?"

"அந்த நர்சு வூட்டுல மீன் கொழம்பு துன்னுட்டு நிதானமா வந்தாளாம்."

"எம்மாம் படிச்சி இன்னா? சொந்தச் சித்தப்பன் உசுருக்கு ஒதவலியே."

தமிழ்ச்செல்வி விடுமுறையை நீட்டிக்கொண்டு காரியம் வரைக்கும் இருந்தாள். வந்தவர்களுக்குக் காபி கொடுத்தாள், வேண்டாவுக்குக் கஞ்சி ஊட்டினாள். குனிந்து நிமிரும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். தரையில் ஊன்றிய இடம் கன்றிப்போயிருந்தது. ஒரு மாலை கிணற்றடியில் தனியாக இருந்தவளிடம் தர்மராஜ் போய் நின்றார்.

"அங்கயும் இப்பிடிக் கையிலயே போயிடுவாங்களாம்மா?"

"போவாங்க. கயிறு மேல ஏறிக்கினு இருக்கசொல்லவே போவாங்க. மூஞ்சி என் மூஞ்சிக்கு நேரா இருக்கும்." நிறுத்தினாள். "அவங்க யாரு, இன்னா பேருன்னு எனக்குத் தெரியாது நைனா. தெரியாததாலதான் மறுநா வேலைக்குப் போவ முடியுது."

"நீ ஏன் யார்கிட்டயும் சொல்லல? நான்தான் வண்டிய..."

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

காரியத்தன்று காலை, சடங்குகள் முடிந்த பிறகு, தர்மராஜ் வேண்டாவின் அறைக்குப் போனார். தாலி இறக்கிய கழுத்தோடு சுவரில் சாய்ந்திருந்தவள் அவரைக் கண்டதும் எழப் பார்த்தாள்.

"ஒக்காரும்மா. ஒண்ணு சொல்லணும். தமிழு டாக்டர் இல்ல. நான்தான் ஊருக்கு அப்பிடிச் சொன்னேன். அத்த நம்பித்தான் நீ..."

"தெரியும் மாமா."

தர்மராஜ் நிமிர்ந்து பார்த்தார்.

"அவரு எல்லா வீடியோவும் எனக்குக் காட்டுவாரு. அவ அந்தக் கயித்துல சுத்தறப்ப நான் கண்ண மூடிக்குவேன். அவரு கை தட்டுவாரு."

"தெரிஞ்சுமா காத்துக்கினு இருந்த? சுஜாதா அப்பிடிக் கத்துனாளே!"

வேண்டாவின் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குத் தாங்கியிருக்கும்.

"நீங்க இருன்னு சொன்னீங்க மாமா. இந்த வூட்டுக்கு வந்த நாள்லேந்து உங்க பேச்ச நான் மீறுனதில்ல. அவரும் மீறுனதில்ல. அதான் இருந்தேன்."

தர்மராஜ் வெளியே வந்தார். டாக்டர் என்ற பொய்தான் தம்பியைக் கொன்றது என்று இத்தனை நாள் தன்னைத் தானே அறுத்துக்கொண்டிருந்தார். கொன்றது பொய் இல்லை. எல்லாரும் தலைவணங்கிய அவர் வாய்ச்சொல்தான். எந்தச் சொல்லைக் குடும்பத்தின் முதுகெலும்பு என்று நினைத்துக் காத்தாரோ, அந்தச் சொல்.

முற்றத்துப் பந்தியில் பங்காளிகளும் பன்னீர்செல்வமும் இலை விரித்துச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள். தமிழ்ச்செல்வி அன்று மாலை விமானம் ஏற வேண்டியவள். கதவருகே பெட்டியோடு நின்றிருந்தாள். தர்மராஜ் நடுவில் போய் நின்றார். வழக்கமாக அவர் நின்றால் பேச்சு அடங்கும். அன்றும் அடங்கியது.

"என் பொண்ணு டாக்டர் இல்ல. மீட்பு ஹெலிகாப்டர்ல பாராமெடிக். கயிறு கட்டிக் கடல்ல எறங்கி ஆளுங்களத் தூக்கறவ. பத்திரிகைல போட்டது பொய். போட்டவன் நான்."

முணுமுணுப்பு எழுந்தது. அது அவர் நினைத்த திக்கில் போகவில்லை.

"அடப்பாவமே! டாக்டர் இல்லாதவ இன்னாத்துக்கு நெஞ்சுல கை வச்சா?" என்றார் ஒருவர். "எலும்பு ஒடைஞ்ச சத்தத்த நானே கேட்டேன்யா. அதுலதான் உசுரு பூட்டிருக்கு."

"அமுத்தியே கொன்னுட்டாளா?" என்று ஒரு பெண் குரல் கேட்டது.

தர்மராஜ் மகளைப் பார்த்தார். அவள் பெட்டியின் பிடியைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். உண்மையைப் பாதி சொன்னது பொய்யைவிட மோசமாகப் போயிற்று. மீதியையும் சொன்னால் சம்பந்தம் முறியலாம். சுஜாதா கல்யாணம் நின்று போகலாம். இந்த வாசலுக்கு இனி யாரும் பஞ்சாயத்துக்கு வரப் போவதில்லை. இவ்வளவும் அவருக்குத் தெரிந்தது.

"நிறுத்துங்கடா!" என்றார். "அவ போன்லயே சொன்னா, எனக்காகக் காத்துக்கினு இருக்காதீங்கன்னு. சுஜாதா ஆம்புலன்ஸக் கூப்புட்டா. வந்துச்சி. சின்னையன் மவன் எறங்கி ஓடியாந்தான். சம்பந்தி வர்ற நேரம், பந்தல் வாசல்ல அது நிக்கக் கூடாதுன்னு நான்தான் திருப்பி அனுப்பனேன். என் தம்பி உள்ள கட்டில்லதான் கெடந்தான். ஆள அனுப்பிட்டேன்னு பொய் சொன்னேன். எலும்ப ஒடைச்சாவது அவன எழுப்பப் பாத்தவ அவ ஒருத்திதான். இனிமே அவளப் பேசறவங்க என்னப் பேசுங்க."

இலைகள் விரித்தபடியே கிடந்தன. பன்னீர்செல்வம் மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. வந்தவர்கள் சொல்லாமல்தான் எழுந்து போக வேண்டும். ஆகவே யார் முறைக்காகச் சொல்லாமல் போகிறார்கள், யார் உறவை அறுத்துக்கொண்டு போகிறார்கள் என்று தர்மராஜால் கண்டுகொள்ள முடியவில்லை.

ஹரிஹரன் பெட்டியை வண்டியில் வைத்தான். தமிழ்ச்செல்வி வேண்டாவைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு படி இறங்கித் தகப்பன் பக்கம் வந்தாள். வாய் எடுத்தவள், எந்த வீட்டில் நிற்கிறோம் என்று நினைவு வந்தவள் போல, மூடிக்கொண்டாள். அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்க் காரில் ஏறினாள். கதவைச் சாத்தினாள்.

முறை தெரியாமல் துக்க வீட்டில் விடைபெற்ற எத்தனையோ பேரை அதட்டியவர் தர்மராஜ். கார் நகர்ந்தது. அவர் செருப்புக்கூட இல்லாமல் தெருவில் இறங்கினார்.

"போயிட்டு வாம்மா!"

பின்னால் பெண்கள் பதறினார்கள். "ஐயையோ மாமா, துக்க வூட்டுல அந்த வார்த்தைய..."

காரின் கண்ணாடி ஏற்றியிருந்தது. அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை. தர்மராஜ் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் நடந்தபடியே, ஊர் கேட்க, மறுபடியும் சொன்னார்.

"போயிட்டு வாம்மா! வந்துடும்மா!"